நிறைவான வாழ்வாம்! யாருக்கு?



சில நாட்களுக்கு முன் நமது நண்பர் ஒருவர் நம் வீட்டிற்கு வந்திருந்தார். பள்ளிக்கூட உபாத்தியாயர். கிறிஸ்தவர். நல்ல மனிதர். நம் கூட்டங்களுக்கும் அவ்வப்போது வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகிறவர். அவர் ஒரு சிறு புஸ்தகத்தை நம் கையில் கொடுத்து, "அய்யா, நீங்கள் எல்லா மதத்தையும் கண்டிக்கின்றீர்கள். அதில் பாதி எனக்கும் சம்மதமே. ஆனாலும் மனிதன் வாழ ஒரு ஒழுங்கு வேண்டாமா? உடம்பு, மனது, குடும்பம், தொழில் ஆகிய எல்லாவற்றையும் அளவோடு வைத்து நிறைவாக வாழ எங்கள் வேதம் வழி காட்டுகின்றது. இதைப் படித்துவிட்டு அப்புறம் பேசுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு வரி விடாமல் படித்தோம். அளவாகச் சாப்பிடு, குடிக்காதே, கடன் வாங்காதே, பெண்டு பிள்ளைகளிடம் அன்பாயிரு, ஆறு நாள் உழை, ஏழாம் நாள் ஓய்ந்திரு, வரும்படியில் பத்தில் ஒன்றைச் சபைக்குக் கொடு, பகைவனை மன்னி, நாளையைப் பற்றிக் கவலைப்படாதே, இரு வேளையும் ஜெபம் செய் என்பவைகளே அதன் சாரம். இவ்வளவும் செய்தால் வாழ்க்கையானது தராசு முள்ளைப் போல நேராக நிற்குமாம்.

இவற்றில் பாதிக்கு நமக்கும் ஆட்சேபணை இல்லை. ஆனால் குடிக்காதே என்று சொல்ல ஆகாயத்திலிருந்து ஒருவர் இறங்கி வரவேண்டுமா? குடிகாரன் பெண்ஜாதி தினம் அதைத்தானே சொல்லி அழுகின்றாள்! ஏழாம் நாள் ஓய்வும் நல்லதே. ஆனால் அந்த ஓய்வு யாருக்குக் கிடைத்தது என்பதைப் பார்க்க வேண்டும். ரோமாபுரிச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் 321இல் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுக்குச் சட்டம் செய்தபோது பட்டணத்தாருக்கும் நியாயாதிபதிகளுக்கும் ஓய்வு கொடுத்தாரே ஒழிய, உழவனை அதிலிருந்து விலக்கி வைத்தார். பருவம் தப்பிவிடுமாம்! கிறிஸ்தவ அரசாங்கத்தின் கீழ் இருந்த பம்பாயில் மில் தொழிலாளிக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு கிடைத்ததோ 1890இல்தான். அதுவும் நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் ஆயிரக்கணக்கான தொழிலாளிகளைக் கூட்டிப் போராடிய பின்பு கிடைத்ததே தவிர, எந்தப் பாதிரியாரும் ஜெபம் செய்து கிடைத்ததல்ல.

நாளையைப் பற்றிக் கவலைப்படாதே, பறவைகளைப் பார் என்கிறார்கள். நாமும் பார்த்தோம். பொழுது விடியுமுன் எழுந்து, பொழுது சாயும்வரை இரை தேடி அலைந்து, குச்சி குச்சியாகப் பொறுக்கிக் கூடு கட்டுகின்ற பறவையைப் போலக் கவலைப்பட்டு உழைக்கின்ற பிராணி வேறு எது? கவலைப்படாத பறவையின் குஞ்சு கூட்டிலேயே செத்துப் போகின்றது. அரை வயிற்றுக் கூலிக்காரனிடம் போய்க் கவலைப்படாதே என்று சொல்லுகின்றவர், தமது மாதச் சம்பளம் ஒரு வாரம் தாமதமானால் என்ன செய்கின்றார் என்பதைச் சபைக் காரியதரிசியைக் கேட்டால் தெரியும்.

நிற்க. இவையெல்லாம் சில்லறைச் சங்கதிகள். நாம் முக்கியமாகக் கேட்க வந்தது வேறு.

தராசு என்றால் அதற்கு இரண்டு தட்டு உண்டு. ஒரு மனிதன் தன் மனதிற்குள் எதையும் எதையும் நிறுத்துச் சரிபார்த்து நிம்மதி அடையலாம். ஆனால் அவனுக்கும் அவன் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் உள்ள தட்டு சரியாய் இருக்கின்றதா என்பதல்லவா முதல் கேள்வி? அந்தப் புஸ்தகத்தில் மனநிம்மதிக்கு நாற்பது பக்கம் இருக்கின்றது. ஜாதிக்கு ஒரு வரி இல்லை. நம் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ வாழ்வைப் பற்றி எழுதுகின்றவர் ஜாதியைத் தொடாமல் எழுதுவது, உப்பளத்தைப் பற்றி எழுதி உப்பை மறந்தது போலாகும்.

1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி என்ற இத்தாலியப் பாதிரியார் என்ன செய்தார்? காவி கட்டினார்; மரக்கறி உண்டார்; பிராமணச் சந்நியாசியைப் போல நடந்தார். பூணூலும் குடுமியும் சந்தனமும் கிறிஸ்தவனுக்கு ஆகுமா என்று வழக்கு வந்தபோது, 1623இல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரிகோரி சில நிபந்தனைகளோடு ஆகும் என்று உத்தரவு கொடுத்துவிட்டார். பிறகு தாழ்ந்த ஜாதியாருக்கென்று பண்டாரசாமிகள் என்று வேறு வகைப் பாதிரிமார்களை ஏற்படுத்தினார்கள். ஆண்டவன் ஒருவன், அவனிடம் அழைத்துப் போகின்ற ஆள் மட்டும் ஜாதிக்கு ஒருவர்!

திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்று ஒரு ஊர் இருக்கின்றது. அங்கே 1870களில் எழும்பிய கோயிலின் அமைப்பை உலகத்துக் கொத்தர்கள் எல்லாரும் வந்து பார்க்க வேண்டும். பீடம் ஒன்று. அதிலிருந்து இரண்டு கால்களாகப் பிரிந்து இரண்டு கூடங்கள். ஒன்றில் வேளாளர் முதலிய ஜாதிக் கிறிஸ்தவர்கள். மற்றதில் நாடார் கிறிஸ்தவர்கள். பார்த்தவர்கள் அதைக் கால்சட்டைக்கு ஒப்பிட்டார்கள். இரண்டு கூடத்தாருக்கும் குருவானவர் தெரிவார். ஒருவரை ஒருவர் மட்டும் பார்க்கவேண்டியதில்லை. 1910இல் தடுப்பை இடித்த உடனே ஜாதிக் கிறிஸ்தவர்கள் கர்த்தரிடம் முறையிடவில்லை, கோர்ட்டில் முறையிட்டார்கள். சென்னை அய்க்கோர்ட்டு வரை போயும் ஜாதிக்குத் தனியிடம் பாத்தியதை இல்லை என்றுதான் தீர்ப்பாயிற்று. பைபிளைப் படித்துத் தெரிந்துகொள்ளாததைச் சிவில் வக்கீலுக்குப் பீஸ் கொடுத்துத் தெரிந்துகொண்டார்கள்!

புராட்டஸ்டண்டுகள் யோக்கியதை மேலோ? 1833இல் பிஷப் டேனியல் வில்சன் என்பவர், ஜாதியை உடனே அடியோடு விட்டொழிக்க வேண்டும் என்று சபைகளுக்குக் கடிதம் எழுதினார். அந்த மனிதருக்கு நமது நன்றி. ஆனால் வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் என்ன செய்தார்கள்? ஜாதியை விடவில்லை, சபையை விட்டுவிட்டு வெளியே போனார்கள். எது பெரியது என்பதை அவர்களே நிறுத்துக் காட்டிவிட்டார்கள்.

பழைய கதை என்று நண்பர் சொல்லக்கூடும். அப்படியானால் 2008 மார்ச்சு மாதத்திற்கு வருவோம். அப்போது விழுப்புரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த எறையூரில், ஆதிதிராவிடக் கிறிஸ்தவர்கள் எங்களையும் சமமாக நடத்துங்கள், இல்லையேல் தனிப் பங்காவது கொடுங்கள் என்று கேட்டதற்காக வன்னியக் கிறிஸ்தவர்கள் அவர்கள் மீது பாய்ந்தார்கள். போலீசார் சுட்டதில் இரண்டு உயிர் போயிற்று. இரு கட்சியாரும் ஒரே ஜெபமாலையை உருட்டுகின்றவர்கள்தான். திருச்சி மேலப்புதூரிலோ கல்லறைத் தோட்டத்தின் நடுவில் சுவர் வைத்து, ஒரு பக்கம் ஆதிதிராவிடக் கிறிஸ்தவப் பிணமும் மறு பக்கம் மற்ற ஜாதிக் கிறிஸ்தவப் பிணமுமாகப் புதைத்த சங்கதி ஊரறிந்ததாகும். உயிரோடு இருப்பவன் தீட்டு என்றாலாவது, முட்டாள்தனமாயினும் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று பயப்படுகிறான் எனலாம். செத்து மண்ணாய்ப் போன எலும்பு சுவரேறிக் குதித்து வந்து தீட்டாக்கிவிடுமா? கடைசி நாளில் எக்காளம் ஊதி எல்லாரும் எழுந்திருக்கும்போது அந்தச் சுவரை யார் இடிப்பது என்றாவது யோசித்தார்களா?

நாம் இட்டுக்கட்டிச் சொல்லுவதாக யாரும் நினைக்க வேண்டியதில்லை. 2016இல் இந்தியக் கத்தோலிக்கப் பிஷப்புகளின் பேரவையே, சபைக்குள் தீண்டாமை இருக்கின்றது என்று ஒப்புக்கொண்டு எழுதி வெளியிட்டிருக்கின்றது. சர்க்காரோ, கிறிஸ்து மதத்தில் ஜாதி கிடையாது என்ற சாக்கில், 1950ஆம் வருஷ உத்தரவின்படி தாழ்த்தப்பட்டோருக்குரிய சலுகையைக் கிறிஸ்தவனுக்கு இல்லை என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பவுத்தரைச் சேர்த்தார்கள், இரண்டு தடவையும் கிறிஸ்தவனை விட்டுவிட்டார்கள். கோயிலுக்குள் போனால் நீ பறையன். தாலுக்கா ஆபீசுக்குப் போனால் நீ பறையன் அல்ல. இதுதான் நிறைவான வாழ்வோ?

இதைப் படித்துவிட்டு நமது சனாதனத் தோழர்கள் தோளைத் தட்டிக்கொள்ள வேண்டாம். கடை மாறினாலும் சரக்கு அவர்களுடையதே. வேதமும் சாஸ்திரமும் காய்ச்சிய விஷத்தைத்தான் பாதிரிமார்கள் சிலுவைக் குறி போட்டு அதே பாட்டிலில் வைத்துக்கொண்டார்கள். உற்பத்தி செய்தவனுக்கு என்ன பெருமை?

பாதிரிமார்கள் செய்த நன்மையை மறைப்பதும் அயோக்கியத்தனமே ஆகும். திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மூடக்கூடாது என்றிருந்த அக்கிரமத்தை எதிர்த்து, மீட் முதலிய மிஷனெரிகள் அப்பெண்களுக்குத் துணை நின்றார்கள். 1859இல் மகாராஜா நாடார் பெண்கள் எல்லாரும் மூடலாம் என்றார். அதிலும் உயர்ந்த ஜாதிப் பெண்களைப் போல மூடக்கூடாது என்று ஒரு வாலை ஒட்டிவைத்தார். அந்த உத்தரவு எதனால் வந்தது? அடிபட்டும் ரவிக்கையைக் கழற்ற மறுத்த பெண்களின் பிடிவாதத்தாலும், சென்னைச் சர்க்கார் கொடுத்த நெருக்கடியாலும் வந்தது. வேலூர் அய்டா ஸ்கடர் அம்மையாரை எடுத்துக்கொள்ளுங்கள். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் தங்கள் மனைவிமாரின் பிரசவத்திற்கு அவரை அழைத்தார்கள். அவருடைய தகப்பனார் டாக்டர். அவர் வரத் தயாராயிருந்தும், ஆண் பார்க்கக்கூடாது என்று மதாசாரம் தடுத்தது. மூன்று பெண்களும் செத்தார்கள். அந்த அம்மையார் ஆண்டவன் அழைப்பு என்றுதான் அதைச் சொன்னார். சொல்லட்டும். ஆனால் ஜெபமே போதும் என்று திண்டிவனத்திலேயே மண்டியிட்டிருக்காமல், அமெரிக்கா சென்று 1899இல் டாக்டர் பட்டம் பெற்று, 1900இல் திரும்பி வந்து, 1918இல் பெண்களுக்கு வைத்தியப் பள்ளிக்கூடமே வைத்தாரே, அதனால்தான் எத்தனையோ தாய்மார் பிழைத்தார்கள். நாம் தலைவணங்குவது அந்தப் படிப்புக்கும் அந்த நெஞ்சுக்கும்.

மறு வாரம் நண்பர் வந்தார். இவ்வளவையும் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அய்யா, குற்றம் மனிதர்களிடம் இருக்கின்றது. வேதத்தில் இல்லை" என்றார். எல்லா மதக்காரரும் கடைசியாகப் போய் ஒளியும் வீடு இதுதான். சரி என்றே வைத்துக்கொள்வோம். 1847இல் இங்கிலாந்தில் ஆலைப் பெண்களையும் பிள்ளைகளையும் பத்து மணிக்குமேல் வேலை வாங்கக் கூடாது என்ற சட்டத்திற்குப் பல்லாண்டு பாடுபட்டவர் ஷாப்ட்ஸ்பரி பிரபு, பக்தியுள்ள கிறிஸ்தவர். கூடாது என்று எதிர்த்துப் பேசியவர் ஜான் பிரைட். அவரும் பக்தியுள்ள கிறிஸ்தவர். நம் தஞ்சை, திருநெல்வேலிப் பக்கங்களில் பள்ளிக்கூடங்கள் நடத்திய எஸ்.பி.ஜி. சங்கத்தாரே, பார்படோஸ் தீவில் தங்களுக்கிருந்த கரும்புத் தோட்டத்தில் நீக்ரோ அடிமைகளின் மார்பில் "சொசைட்டி" என்று இரும்பைக் காய்ச்சிச் சூடு போட்டார்கள். 2006இல்தான் இங்கிலாந்துத் திருச்சபை இந்த அடிமை வியாபாரத்தில் தனக்கிருந்த பங்குக்கு மன்னிப்புக் கேட்டது. வில்சன் படித்ததும், அவரை எதிர்த்தவர்கள் படித்ததும் ஒரே பைபிள். சூடு போட்டவனுக்கும் அதுவே வழிகாட்டி, சூட்டை நிறுத்தச் சொன்னவனுக்கும் அதுவே வழிகாட்டி என்றால், வழி காட்டியது பைபிளா, அவனவன் புத்தியா? நல்லவன் தன் புத்தியால் நல்லதைப் பொறுக்கிக்கொண்டான். அப்படியானால் அந்தப் புத்தியைக்கொண்டே நேராக வாழ்ந்தால் என்ன? நடுவில் எதற்கு ஒரு தரகர், தரகுக்கு எதற்குப் பத்தில் ஒரு பங்கு?

நண்பர் சிறிது நேரம் சும்மா இருந்தார். பிறகு, "எங்கள் ஊர்க் கோயிலில் இப்பொழுது வித்தியாசம் ஒன்றும் இல்லை, எல்லாரும் ஒன்றாகத்தான் உட்காருகின்றோம்" என்றார்.

"மெத்தச் சந்தோஷம். சவ வண்டி எத்தனை?" என்று கேட்டோம்.

நண்பர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாசல்படி வரை போனவர் திரும்பி நின்று, "இரண்டு" என்றார்.

அவருடைய யோக்கியதைக்கு அந்த ஒரு வார்த்தை போதும். பொய் சொல்லவில்லை. அவர் கொடுத்த புஸ்தகம் நம்மிடமே இருக்கின்றது. அவரோ, அவருடைய குருவானவரோ இதற்குச் சமாதானம் எழுதியனுப்பினால், ஒரு எழுத்தும் குறைக்காமல் இதே பக்கத்தில் பிரசுரிக்கின்றோம். இரண்டாவது வண்டியை என்ன செய்யப் போகின்றார்கள் என்பதையும் அதில் சேர்த்து எழுதும்படி மட்டும் கேட்டுக்கொள்ளுகின்றோம்.