சென்சார்மேல் போடும் பழி

ஆலங்குடியிலிருந்து அறந்தாங்கி வரை எந்த வொர்க்‌ஷாப் வாசலில் நின்றாலும் ஒரு பேச்சு காதில் விழும்: "சென்சார் போச்சுண்ணே, மாத்திரலாம்." ஜேசிபி நடுக்கண்மாயில் இழுவை இல்லாமல் நிற்கும். மீட்டர் போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். ஸ்கேனரைச் சொருகினால் ஆயில் பிரஷர் என்று ஒரு கோளாறுக் கோடு (code) வரும். அந்த நிமிஷமே ஆயில் பிரஷர் சென்சாருக்கு ஆர்டர் போய்விடும். காய்ச்சல் அடிக்கும் பிள்ளைக்குத் தெர்மாமீட்டரை மாற்றுகிற வைத்தியம் இது. மெக்கானிக், ஆபரேட்டர், முதலாளி மூவரும் இதை நம்புவதால் யாரும் யாரையும் கேள்வி கேட்பதில்லை.

கோடு எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தாலே இந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிடும். இன்ஜினைக் கட்டுப்படுத்திக் கோடு போடும் கன்ட்ரோலருக்குச் சென்சார் கண்ணில் படுவதே இல்லை. தன்னுடைய ஒரு பின்னில் எத்தனை வோல்ட் வருகிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். பிரஷர் சென்சார் என்றால் பொதுவாக மூன்று வயர்: ஐந்து வோல்ட் கொண்டுபோவது ஒன்று, எர்த் ஒன்று, அளவைத் திருப்பிக் கொண்டுவரும் சிக்னல் ஒன்று. சிக்னல் பெரும்பாலும் அரை வோல்ட்டுக்கும் நாலரை வோல்ட்டுக்கும் நடுவில் இருக்கும். அந்த எல்லையைத் தாண்டினால் கோடு விழும். தாண்டியதற்குக் காரணம் சென்சாரா, வழியில் தேய்ந்த வயரா, கப்ளருக்குள் பூத்த பச்சைக் களிம்பா என்பது கன்ட்ரோலருக்குத் தெரிய வழியே இல்லை.

ஆனாலும் தனக்குத் தெரிந்ததை அது சொல்லத்தான் செய்கிறது. கனரக இன்ஜின்களில் பெரும்பாலானவை பின்பற்றும் ஜே-1939 முறையில் கோடு இரண்டு எண்ணாக வரும். முதல் எண் எந்த அளவு என்று சொல்லும். ஆயில் பிரஷர் என்றால் 100, கூலன்ட் சூடு என்றால் 110. இரண்டாவது எண் என்ன மாதிரிக் கோளாறு என்று சொல்லும். 3 என்றால் வோல்ட் அளவுக்கு மேல், 4 என்றால் அளவுக்குக் கீழ், 5 என்றால் கரண்ட் குறைவு அல்லது வயர் அறுந்த நிலை. நம் கடைகளில் முதல் எண்ணைப் பார்த்ததும் ஸ்கேனரை மூடிவிடுகிறார்கள். பாதி விடை அந்த இரண்டாவது எண்ணில் கிடக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன் கீரமங்கலம் பக்கம் ஒரு வண்டியைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். ஆயில் பிரஷர், டர்போ பிரஷர், டீசல் பிரஷர் என மூன்று கோடு. மூன்றிலும் இரண்டாவது எண் 4. ஒரு கடையில் மூன்று சென்சாரையும் மாற்றியிருந்தார்கள். கோடு அப்படியே இருந்தது. அடுத்தது கன்ட்ரோலர்தான் என்று சொல்லிவிட்டார்களாம். மூன்று சென்சார் ஒரே நாளில், ஒரே மாதிரி சாகுமா? மூன்றுக்கும் பொதுவாகப் போகும் ஐந்து வோல்ட் வயர் ஒரு கிளாம்பில் உரசி, தோல் போய், பாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. டேப் சுற்றி, ஸ்லீவ் போட்டு, கிளாம்பைத் தள்ளி வைத்தோம். கழற்றிய பழைய சென்சார்களைத் திரும்ப மாட்டிப் பார்த்தோம். மூன்றும் நன்றாக இருந்தன. வண்டிக்காரர் அந்த மாத டியூவைக் கட்ட வேண்டிய பணத்தில் புதுச் சென்சார்களை வாங்கியிருந்தார். அவர் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் வயர் கெடுவதற்குக் காரணம் தேடி அலைய வேண்டாம். கல்குவாரியில் நாள் முழுக்கப் பிரேக்கர் அடிக்கிற அதிர்வில் பின் தளர்கிறது. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கம் உப்புக்காற்று கப்ளருக்குள் நுழைகிறது. ஆதனக்கோட்டை முந்திரித்தோப்பு ஓரம் வண்டியை நிறுத்தினால் எலிக்கு வயர் இரையாகிறது. வாட்டர் சர்வீஸ் என்று கப்ளர்மேலேயே தண்ணீரைப் பீய்ச்சுகிறோம். வோல்ட் பார்க்க வயரில் ஊசியைக் குத்துகிறோம். அந்தத் துளை வழியாக ஈரம் இறங்கி, ஆறு மாதம் கழித்து அங்கேயே அறுகிறது. பேட்டரியைக் கழற்றாமல் பக்கெட்டுக்கு வெல்டிங் வைக்கிறோம். இவ்வளவும் செய்துவிட்டுப் பழியைச் சென்சார்மேல் போடுகிறோம்.

வயர் பிழை நம் வண்டிகளோடு நிற்பதில்லை. 2024 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் பால்டிமோரில் மின்சாரம் போய் இருண்ட 'டாலி' என்ற கப்பல் மோதிப் பாலம் இடிந்து ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். கொழும்புக்குப் புறப்பட்ட கப்பல். மாலுமிகளில் பெரும்பாலோர் இந்தியர்கள். முந்நூறு மீட்டர் நீளக் கப்பல் ஏன் இருண்டது என்று ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆராய்ந்து, 2025 நவம்பரில் விடை சொன்னார்கள். ஒரு வயரில் மாட்டிய பெயர்ப்பட்டை இடித்ததால் அதன் முனை டெர்மினலுக்குள் முழுசாக இறங்கவில்லை. அவ்வளவுதான்.

"கஜா புயல் அடிச்சப்ப ரோட்டைத் திறந்தது சென்சார் அதிகம் இல்லாத பழைய வண்டிதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். 2018 நவம்பரில் விழுந்த மரங்களை இழுத்துப் போட்ட அந்த வண்டிகளை நானும் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் காலம் திரும்பாது. 2021 ஏப்ரல் 1 முதல் சக்கரம் வைத்த கட்டுமான வண்டிகளுக்குப் புதிய புகை விதி வந்துவிட்டது. கன்ட்ரோலர் வைத்த இன்ஜின்தான் இனி. சென்சாரைத் திட்டிக்கொண்டே பிழைப்பு நடத்த முடியாது.

சென்சார் சாகாது என்று நான் சொல்லவில்லை. செத்ததா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள் என்கிறேன். கூலன்ட் சூட்டுச் சென்சாரின் கப்ளரைக் கழற்றினால் ஸ்கேனர் கடுங்குளிர் காட்ட வேண்டும். கப்ளரின் இரண்டு பின்னையும் துண்டு வயரால் இணைத்தால் கடும் சூடு காட்ட வேண்டும். இரண்டும் வந்தால் வயரும் கன்ட்ரோலரும் சரி. அப்போது சென்சாரைச் சந்தேகப்படுங்கள். ஐந்து நிமிஷ வேலை. கன்ட்ரோலர்கள் ஒன்றோடொன்று பேசும் கேன் வயர் இரண்டுக்கும் நடுவே, பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓம் பாருங்கள். 60 வர வேண்டும். 120 வந்தால் வயரோ முனையிலுள்ள ரெசிஸ்டரோ அறுந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் முன்னால் பேட்டரி டெர்மினலையும் எர்த்தையும் பாருங்கள். ஒரு சென்சாரின் விலையில் நல்ல மல்டிமீட்டரே வாங்கிவிடலாம்.

காசு வீணாவதுகூடப் பெரிதில்லை. மூன்று தடவை மாற்றியும் விளக்கு அணையாதபோது, "இந்தச் சென்சாரே பொய்" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். வயரை வெட்டி, ரெசிஸ்டர் வைத்து, பிரஷர் நன்றாக இருப்பதாகக் கன்ட்ரோலரை நம்பவைக்கிறார்கள். நார்த்தாமலைப் பக்கம் ஒரு குவாரியில் அப்படி ஓடிய வண்டியில் ஒருநாள் ஆயில் பிரஷர் நிஜமாகவே இறங்கியது. விளக்கு எரியவில்லை, பஸ்ஸர் கத்தவில்லை. இன்ஜினைப் பிரித்தபோது கிராங்க் நீலம் பாய்ந்திருந்தது. பக்கத்தில், வெட்டிய வயரின் முனைகளில் கறுப்பு டேப் பத்திரமாகச் சுற்றியிருந்தது.