ஊரே மைசீக்வல்னா நானும் மைசீக்வலா?

ரொம்ப நாள் கழிச்சு ஒரு பொட்டிதட்டிப் பதிவு. கம்ப்யூட்டர் தெரியாதவங்க ஓடிடாதீங்க, மொய் நோட்டு தெரிஞ்சா போதும் :)

போன வாரம் சென்னையிலிருந்து அக்கா பையன் போன். கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதறானாம். "எந்த டேட்டாபேஸ்டா?"ன்னு கேட்டேன். "மைசீக்வல்தான் மாமா, எல்லாரும் அதைத்தானே போடறாங்க" என்றான். அந்த 'எல்லாரும்'தான் என்னைக் கிளப்பிவிட்டது. 2009ல் நானும் அதே வார்த்தையைச் சொல்லித்தான் ஒரு பையன் வயிற்றில் அடித்தேன்.

இங்கே போர்ட் பிளேரில் (2024ல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது, எங்க வாய்க்கு இன்னும் வரலை) ஒரு அண்ணாச்சியின் மளிகை மொத்தக் கடைக்கு நிரல் எழுதிக் கொடுத்தேன். மைசீக்வலை இறக்கினேன், அது தானாகக் கொடுத்த மைஐசாம் வகை டேபிளிலேயே எல்லாத்தையும் போட்டேன். சில மாதத்தில் கணக்கில் இருக்கிற அரிசி மூட்டை குடோனில் இல்லை. பழி குடோன் பையன் மேல். ராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளை. கப்பல் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

மூணு மாசம் கழித்து பில்லையும் இருப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் உறைத்தது. பில் பதிவான நொடியில் கரண்ட் போயிருக்கிறது. யூபிஎஸ் பேட்டரி செத்துக் கிடந்தது. பில் ஏறிவிட்டது, இருப்பு குறையவில்லை. இப்படிப் பல தடவை. மூட்டையை யாரும் திருடவில்லை, விற்றதுதான். அண்ணாச்சி ஆள் விட்டுக் கூப்பிட்டார். பையன் வரவில்லை.

கல்யாண வீட்டில் மொய் வாங்குபவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர். பணத்தை வாங்கினதும் லைட் போய்விட்டால்? ஒண்ணு, நோட்டிலும் ஏறணும். இல்லே, பணத்தைத் திருப்பிக் கொடுக்கணும். இதுக்குப் பேர்தான் டிரான்ஸாக்‌ஷன். மைஐசாமில் அது கிடையாது. அதே மைசீக்வலில் இன்னோடிபி என்று ஒரு வகை அப்பவே இருந்தது, அதில் உண்டு. நான் கேட்கவில்லை, கிடைத்ததை வாங்கிக்கொண்டேன். தப்பு என்னுடையதுதான். ஆனால் போஸ்ட்கிரெஸ் போட்டிருந்தால் டேபிள் வகையைக் கேட்காமலே அந்த வசதி கிடைத்திருக்கும், பில்லையும் இருப்பையும் ஒன்றாகக் கட்டினால் போதும்.

"அதெல்லாம் பழங்கதை மாமா" என்கிறான். உண்மைதான். 2010ல் 5.5 பதிப்பிலிருந்து இன்னோடிபி தானாகவே வருகிறது. 2015ல் 5.7 வந்தபிறகுதான் பொருந்தாத தகவலை வெட்டிச் சுருக்காமல், நாம் கேட்காமலே மறுக்கப் பழகியது. 'இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது' என்று செக் விதி எழுதினால் "சரிங்க"ன்னு தலையாட்டிவிட்டுக் காற்றில் விட்டுக்கொண்டிருந்தது, 2019ல் 8.0.16 வரும்வரை! மறுத்துச் சொல்ற கணக்கப்பிள்ளையை நம்பலாம். தலையாட்டுற கணக்கப்பிள்ளையை?

நம்ம தமிழுக்கு வருவோம். முந்திரி (1/320) மாதிரி பழைய பின்னக் குறியீடுகள் 2019ல் யூனிகோட் 12ல் சேர்ந்தன. ஒவ்வொன்றும் நாலு பைட். மைசீக்வல் 'யூடிஎஃப்8' என்று பேர் வைத்திருந்தது மூணு பைட்டோடு நின்றுவிடும். நாலு பைட்டுக்கு 'யூடிஎஃப்8எம்பி4' என்று தனியாகக் கேட்டு வாங்கணும், 2018ல் 8.0 வரும் வரைக்கும். பேரில் யூடிஎஃப்8, உள்ளே முக்கால்!

இன்றும் தீராத ஒன்று. டிக்லிபூர் கடைக்குப் புதுப் பதிப்பு போட ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் போகிறேன். அஞ்சு டேபிளை மாற்றணும், மூணாவதில் கரண்ட் போகுது. அஞ்சையும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் கட்டியிருந்தால் போஸ்ட்கிரெஸ் பழையபடிக்குத் திரும்பிவிடும். மைசீக்வலில் 8ம் பதிப்பிலும் ஒவ்வொரு மாற்றமும் தனித்தனியாக உறுதியாகிவிடும். பாதி பழசு, பாதி புதுசு. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தது பெரிய வரம்தான். அதுக்காகக் கரண்ட் போகாமல் இருக்குமா?

அப்புறம் சொத்து யாருடையது? மைசீக்வலை 2008ல் சன் வாங்கியது, 2010ல் சன்னையே ஆரக்கிள் வாங்கியது. உருவாக்கிய மான்டி விடெனியஸே 2009ல் பிரிந்துபோய் மகள் பேரில் மரியாடிபி ஆரம்பித்தார். 1986ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய போஸ்ட்கிரெஸ் ஒரு கம்பெனி சொத்து இல்லை. விலைபேச ஆள் கிடையாது.

ஆதாரிலேயே மைசீக்வலைப் பயன்படுத்தினாங்களேன்னு கேட்பீங்க. அவங்களுக்கு ராத்திரி பகலா பார்த்துக்க ஒரு படையே உண்டு. அண்ணாச்சி கடைக்கு நான் ஒருத்தன்தான். ஒரே மெஷின், ஒரே ஆள்னா ரெண்டுமே வேண்டாம், எஸ்கியூலைட் போதும். அதிலும் டிரான்ஸாக்‌ஷன் உண்டு.

மருமகனே, எதை வேணா எடு. "எல்லாரும் போடறாங்க"ன்னு மட்டும் எடுக்காதே. நிரல் எழுதும்போது பிளக்கைப் பிடுங்கிப் பார். கணக்கு நேரா நின்னா கடைக்குக் கொடு. நான் பிடுங்கிப் பார்க்காததுக்கு ஒருத்தன் கப்பல் ஏறினான்.

டிஸ்கி: மைசீக்வல் அன்பர்கள் பின்னூட்டத்தில் தாராளமாகக் கும்மலாம். பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு வரவும் :)