மேடு காலைக் கெடுக்காது

வசந்தகால மாரத்தானுக்குத் தயாராகிறவர்கள் எல்லாருக்கும் மார்ச் மாதத்தில் ஒரு புத்திமதி கிடைக்கும்: "இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. மேடு பள்ளத்துல 30 கிலோமீட்டர் போட்டி ஓடிக் காலைக் கெடுத்துக்காதே." பல மாரத்தான் ஓடியவர்களே இதைச் சொல்கிறார்கள். அக்கறையில் சொல்வதுதான். ஆனாலும் தவறான அறிவுரை.

கனடாவின் ஹாமில்டன் நகரில் நடக்கும் 'அரவுண்ட் தி பே' போட்டியையே எடுத்துக்கொள்கிறேன். 1894இல் தொடங்கியது; பாஸ்டன் மாரத்தானுக்கு மூன்று வயது மூத்தது. விரிகுடாவைச் சுற்றி 30 கி.மீ. முன்பகுதி தட்டையான சாலை. 20 கி.மீ. வாக்கில் வடகரையைப் பிடித்ததும் ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும். மார்ச் கடைசியில் இது. ஏப்ரல் மூன்றாம் திங்கட்கிழமை பாஸ்டன்.

கால் கெட்டுவிடும் என்பது முதல் குற்றச்சாட்டு. வலி உண்டு, மறுக்கவில்லை. முதல்முறை ஓடிவிட்டு வந்த மறுநாள், வீட்டு மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்பக்கமாகத்தான் என்னால் இறங்க முடிந்தது. ஆனால் அந்த வலியைத் தந்தது ஏற்றம் அல்ல, இறக்கம். ஏறும்போது மூச்சுதான் வாங்கும். இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்கிப் பிடிக்கிறது. நார்கள் நோவது அதனால்தான். இப்படி ஒருமுறை நொந்து தேறிய தசை, அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலையைக் கொடுத்தால் அந்த அளவுக்கு நோவதில்லை. உடலியல் படித்தவர்கள் நன்றாக அறிந்த உண்மை இது. பாஸ்டன் பாதையின் முதல் சில கிலோமீட்டர் பெரும்பாலும் இறக்கம். அங்கே தொடையைப் பறிகொடுத்தவர்கள்தான் 33ஆவது கி.மீ. அருகே 'ஹார்ட்பிரேக் ஹில்' மேட்டில் நடக்கத் தொடங்குகிறார்கள். மூன்று வாரம் முன்பே அந்த வலியைப் பட்டுத் தேறிவிடுவது எவ்வளவோ மேல்.

"நான் ஓடப்போவது சமதள மாரத்தான், எனக்கெதற்கு மேடு?" என்பவர்களுக்கு நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்டைத்தான் காட்டுவேன். ஆக்லாந்தை ஒட்டிய வைட்டாக்கெரே மலைத்தொடரில் 22 மைல், அதாவது சுமார் 35 கி.மீ. சுற்று ஒன்றைத் தம் மாணவர்களை ஓடவைத்தவர் அவர். அப்படி ஓடிய பீட்டர் ஸ்னெல் 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டரில் தங்கம் வென்றார். ஓடுகளத்தில் மேடு ஏது? அதே ஒலிம்பிக்கில் மாரத்தானில் வெண்கலம் வாங்கிய பாரி மகீயும் லிடியார்டின் மாணவர்தான். மலை கொடுத்த பலம் எந்தத் தரையிலும் உதவியது.

நேரம் மோசமாக வந்து மனம் தளர்ந்துவிடும் என்கிறார்கள். மேட்டுப் பாதையில் கடிகாரத்தை நம்பி ஓடினால் தளரத்தான் செய்யும். எலியுட் கிப்சோகே 2022இல் பெர்லினின் தட்டையான பாதையில் 2:01:09 என்ற உலக சாதனை படைத்தவர். 2023 பாஸ்டனில் 2:09:23 எடுத்து ஆறாவதாக வந்தார். இரண்டு நேரங்களையும் பக்கத்தில் வைத்து அவரை யாரும் எடைபோட முடியாது. மேட்டில் பார்க்கவேண்டியது மூச்சின் சீரை. ஏற்றத்தில் வேகம் குறையட்டும், இறக்கத்தில் தானாகக் கூடட்டும், முயற்சி மட்டும் ஒரே அளவில் இருக்கட்டும். இந்தக் கணக்கு உடம்பில் படியப் போட்டியைப் போன்ற இடம் வேறில்லை.

பயிற்சியில் ஒரே மேட்டைப் பத்துமுறை ஏறி இறங்கினால் போதாதா? போதாது. அங்கே ஒவ்வொரு முறையும் மூச்சை ஆற்றிக்கொண்டுதான் அடுத்ததை ஏறுகிறோம். போட்டியில் 20 கி.மீ. ஓடிக் களைத்த காலோடு, சுற்றிலும் ஆட்கள் முந்திக்கொண்டு போக, ஜெல்லை வாயில் பிழிந்துகொண்டு ஏறவேண்டும்.

ஹாமில்டன்காரர்களுக்கு இது புதிதல்ல. 1900 பாஸ்டனில் முதலிரண்டு இடங்களைப் பிடித்த ஜாக் கேஃபரியும் வில்லியம் ஷெரிங்கும் அந்த ஊர்க்காரர்கள், அந்த விரிகுடாப் பாதையில் வளர்ந்தவர்கள். ஒனொண்டாகா பழங்குடியைச் சேர்ந்த டாம் லாங்போட் 1906இல் 'அரவுண்ட் தி பே' வென்றார். அடுத்த ஆண்டே புதிய சாதனை நேரத்தில் பாஸ்டனையும் வென்றார்.

எதிர்த்தரப்பு சொல்வதில் ஒன்றை மட்டும் ஏற்கிறேன். மாரத்தானுக்கு இரண்டு வாரம்கூட இல்லாதபோதோ, முழங்காலிலோ கெண்டைக்காலிலோ ஏற்கெனவே வலி இருக்கும்போதோ இதைச் செய்யக் கூடாது. மற்றபடி, பதிவு செய்துவிட்டுத் தயங்கிக்கொண்டிருப்பவர்கள் போய் ஓடுங்கள். முதல் 20 கி.மீ. அடக்கி ஓடுங்கள், இறக்கங்களில் சிறு அடியாக வையுங்கள், முடிந்ததும் ஒரு வாரம் காலுக்கு ஓய்வு கொடுங்கள்.