தீர விசாரிப்பதே மெய்

அன்பு மாணவர்களே, உறவினர்களே,

சென்ற வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் அக்காள் பேரன் ஒரு படம் போட்டான். பாலிடெக்னிக் முதலாண்டு படிக்கிறவன். ஓரியன் நெபுலாவைத் தானே எடுத்தது. பத்து நிமிடத்தில் மூன்று பேர் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்: "கிராபிக்ஸ்", "ஏஐ", "நாசா படத்தை டவுன்லோடு பண்ணிட்டான்". கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். பையன் படத்தை அழித்துவிட்டான்.

சந்தேகப்பட்டது தவறில்லை. ஒரு கேள்விகூடக் கேட்காமல் சந்தேகப்பட்டதுதான் தவறு.

அன்று இரவு மொட்டை மாடியில் நானும் இருந்தேன். பழைய கேமரா, 135 மி.மீ. லென்ஸ். வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது. அதற்கு ஈடாகக் கேமராவைத் திருப்ப டிராக்கர் என்ற சிறு கருவி. 40 விநாடி வீதம் 90 படங்கள். ஒரு மணி நேர ஒளி. பிறகு லென்ஸை மூடிக்கொண்டு மேலும் 20 படங்கள், கேமராவின் சொந்தக் கறையைக் கழிப்பதற்கு. சுமார் 1,340 ஆண்டுகளுக்கு முன், காஞ்சியில் பல்லவர் ஆண்டபோது புறப்பட்ட ஒளி அது.

"நேரில் சாம்பலாகத் தெரிவது படத்தில் எப்படிச் சிவப்பானது?" நல்ல கேள்வி. கேட்டிருக்கலாமே! மங்கிய ஒளியில் வேலை செய்யும் நம் கண்ணின் செல்களுக்கு நிறம் தெரியாது. கண் ஒளியைச் சேர்த்தும் வைக்காது; கேமரா வைக்கும். அந்தச் சிவப்பு, 656 நானோமீட்டரில் ஹைட்ரஜன் வீசும் ஒளி. அது அங்கே இருக்கிறது.

கம்ப்யூட்டரில் திருத்தினானா? திருத்தினான். மங்கலை உயர்த்தினான், தெருவிளக்கின் மஞ்சளைக் கழித்தான். வாயுவுக்கு ஒரு நிறம் என்று தாங்களே நிறம் கொடுப்பவர்களும் உண்டு. அவர்கள் அதைச் சொல்லிவிட வேண்டும். இவன் செய்ததையெல்லாம் படத்தின் கீழே எழுதியிருந்தான். படித்தவர் யார்?

1883இல் ஆண்ட்ரூ காமன் என்ற பொறியாளர், லண்டன் அருகே ஈலிங்கில் தன் வீட்டுத் தோட்டத்திலிருந்து இதே நெபுலாவைப் படம் எடுத்தார். தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்த்தாலும் தெரியாத நட்சத்திரங்கள் அதில் பதிந்திருந்தன. கண்ணுக்குத் தெரியாததெல்லாம் பொய் என்றால் அன்றே வானியல் நின்றிருக்கும்.

"நாசா படம் இருக்கே, இது எதுக்கு?" என்றார் ஒருவர். ஓட்டலில் சோறு கிடைக்கிறது என்று வீட்டில் உலை வைக்காமல் இருக்கிறோமா?

"நோட்ஸில் இருப்பதை எழுது, போதும்" என்று வகுப்பில் நானும் சொன்னவன்தான். அதனால்தான் வலிக்கிறது. தானே செய்து பார்த்த ஒருவனைச் சிரித்தே உட்கார வைத்துவிட்டோம்.

அந்த மூவருக்கும் சொல்கிறேன். மன்னிப்பு வேண்டாம். இன்று மாலை அவனுக்குப் போன் செய்து, "தம்பி, அந்த 90இல் ஒன்றை எடுத்தபடியே அனுப்பு, பார்க்கலாம்" என்று கேளுங்கள். அனுப்புவான். நான் பார்த்துவிட்டேன்.

உங்கள் சார்