பேர் தெரியாத வாத்தியார்கள்

தில்லை நகரில் ஏதாவது ஒரு கிராஸில் நின்று கல்லெறிந்தால் ஒன்று கிளினிக்கில் விழும், இல்லாவிட்டால் ஜிம்மில் விழும். ஜிம்மில் பட்டுத் தெறித்து கிளினிக்கில் விழுவதும் உண்டு. நம்ம கேஸ் அந்த வகை.

பி.காம் இரண்டாம் வருஷத்தில் உடம்பைத் தேற்றலாம் என்று ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். (பேர் வேண்டாமே.) ஒரு வருஷப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றார்கள், கட்டினேன். மாஸ்டர் நல்ல மனுஷன்தான். ஆனால் ஒரே நேரத்தில் பதினைந்து பேரை மேய்க்க வேண்டும், பாவம். மூன்றாம் நாளே 60 கிலோவைத் தரையிலிருந்து தூக்கச் சொன்னார். நாலாவது தடவை இடுப்பு பிடித்துக்கொண்டது. பத்து நாள் குனிந்து ஷூ மாட்ட முடியவில்லை. அம்மாதான் மாட்டிவிட்டார்கள். சிரிக்காதீங்க.

திரும்பப் போனபோது, விடியற்காலை ஐந்தரைக்கு வருகிற ஓர் அண்ணன் என்னைக் கவனித்தார். நாற்பதைத் தாண்டியவர், இரும்புக் கடையில் வேலை. லேசாகத் தொப்பைகூட உண்டு. ஆனால் என் எடையைப் போல இரண்டு மடங்கை முகம் சுளிக்காமல் தூக்கி, சத்தமில்லாமல் கீழே வைப்பார். "தம்பி, முதல்ல வெறும் கம்பியத் தூக்கு" என்றார். வெறும் கம்பியே 20 கிலோ. கம்பி காலை ஒட்டியே மேலே வரணும், முதுகு வளையக்கூடாது, தூக்குவதற்கு முன் மூச்சை இழுத்து வயிற்றை இறுக்கணும். வாரத்துக்கு ஒரு தடவை பக்கத்துக்கு 1.25 கிலோ ஏற்றணும். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதணும். அவ்வளவுதான் பாடம்.

காமர்ஸ் புத்தி உடனே கணக்குப் போட்டது. வாரம் 2.5 கிலோ, 24 வாரம், ஆக 60. மொத்தம் 80 கிலோ! அண்ணன் சிரித்தார். "அப்படி நேரா ஏறாதுப்பா. ஒரு இடத்துல நிக்கும். அப்ப கொஞ்சம் இறக்கிட்டு மறுபடி ஏறணும்."

இதே சங்கதி மருத்துவத்துக்குள் வந்ததும் இப்படித்தான். இரண்டாம் உலகப் போரில் முழங்கால் அடிபட்ட வீரர்களுக்கு லேசான எடையைக் கொடுத்துப் பல தடவை தூக்கச் சொல்வதுதான் வழக்கமாக இருந்தது. அமெரிக்க ராணுவ டாக்டர் தாமஸ் டிலோர்ம் அதை மாற்றி, கனமான எடையைப் படிப்படியாக ஏற்றும் முறையைக் கொண்டுவந்தார். 1945-ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். பத்துப் பத்தாக மூன்று செட் என்று இன்றைக்கு எல்லா ஜிம்மிலும் சொல்கிறார்களே, அது அவர் வழியில் பரவியதுதான். அவருக்கு இந்த யோசனை எப்படி வந்தது? சின்ன வயசில் உடம்பு முடியாமல் படுத்து எழுந்தபின் அவரே எடை தூக்கித் தேறியவர். எடை தூக்குகிறவர்களிடம் இருந்த அறிவு அவர் மூலமாக ஆஸ்பத்திரிக்குள் போனது.

நம்ம ஊர் கர்லாக்கட்டை கதையும் அதே மாதிரி. இங்கே மல்யுத்தக்காரர்கள் சுற்றிக்கொண்டிருந்ததை 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் பார்த்துக் கற்றுக்கொண்டு போனார்கள். அது ஐரோப்பா, அமெரிக்கா எல்லாம் பரவி, 1904 செயின்ட் லூயி ஒலிம்பிக்கிலும் 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலும் போட்டியாகவே நடந்தது. பதக்கம் வாங்கியவர்கள் பேர் பதிவாகியிருக்கிறது. முதலில் சொல்லிக்கொடுத்த பயில்வான்கள் பேர் யாருக்கும் தெரியாது. எங்கள் பாடத்தில் அருவச் சொத்து என்று ஒரு சமாச்சாரம் வரும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மதிப்பு உண்டு. இந்தச் சொத்தை மட்டும் யாரும் ஐந்தொகையில் காட்டவில்லை.

ஆற்றைத் தாண்டி ஸ்ரீரங்கம் போனால் ஸ்ரீபாதம் தாங்கிகளைப் பார்க்கலாம். நம்பெருமாளின் நடையழகு என்று ஊரே கொண்டாடுகிறதே, அந்த நடை உண்மையில் இவர்களுடைய காலில் இருக்கிறது. தோளில் பாரத்தோடு சிம்ம கதி, சர்ப்ப கதி என்று நடையை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். ஒருவர் அடி தப்பினால் பாரம் அடுத்தவர் தோளில் இறங்கும். மூத்தவர்களோடு சேர்ந்து சுமந்து சுமந்துதான் இது வரும்.

இந்தப் பக்கம் காந்தி மார்க்கெட். ஒரு நாள் விடியற்காலையில் போய் நின்று பார்த்தேன். மூட்டையை யாரும் தரையிலிருந்து தனியாளாகத் தூக்கவில்லை. இரண்டு பேர் ஏற்றிவிட, ஒருத்தர் முதுகில் வாங்கிக்கொண்டு குட்டிக் குட்டி அடியாக வைத்துப் போகிறார். இரும்புக்கடை அண்ணன் சொன்னதுதான் இங்கேயும்: பாரம் உடம்பை ஒட்டி இருக்கணும்.

ஆனால் ஒரு விஷயம் இங்கேதான் உறைத்தது. மார்க்கெட்டில் நான் பார்த்தது எல்லாம் தாங்கியவர்களை. இடுப்பு போனவர், முழங்கால் போனவர் வீட்டில் இருப்பார், அவரை நான் எங்கே பார்ப்பது? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே, ஓர் ஆண் வழக்கமாகச் சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டக்கூடாது என்று பரிந்துரைத்தது. நம் நாட்டில் 100 கிலோ மூட்டையை முதுகில் வாங்கியவர்கள் உண்டு. அவர்களுக்கு அது பயிற்சி கிடையாது, கூலி. வலித்தால் எடையைக் குறைத்துக்கொள்ளும் வசதி எனக்கு உண்டு, அவர்களுக்கு இல்லை. அவர்கள் பாரத்தை வாங்கும் விதத்தைக் கற்றுக்கொள்ளலாம். பாரத்தின் அளவைக் கற்றுக்கொள்ளக்கூடாது.

அதனால் நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். யாரிடம் கேட்டாலும் "எவ்வளவு தூக்குவீங்க?" என்று முதலில் கேட்பதில்லை. "எத்தனை வருஷமா தூக்குறீங்க? எங்கண்ணே அடிபட்டுச்சு? அதுக்கப்புறம் எதை விட்டீங்க?" இந்த மூன்றும்தான். மூன்று நாலு பேரிடம் கேட்டு, எல்லோரும் ஒத்துப்போகிற விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒருத்தர் மட்டும் சொன்னால் அது அவர் உடம்புவாகாக இருக்கலாம். பிடித்துக்கொண்ட வலி விடாமல் இருந்தால் டாக்டரிடம்தான், அதில் பேச்சே இல்லை.

படித்த பயிற்சியாளரே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அவர் கையில் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்க்கிற நாம், பக்கத்தில் இருபது வருஷமாகத் தூக்குகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை, தொப்பை இருக்கிறதே என்று. அதுதான் எனக்கு உறுத்துகிறது.

இந்த வாரம் நோட்டில் 70 கிலோ. போன மாதமும் 70தான். நின்றுவிட்டது. நாளையிலிருந்து கொஞ்சம் இறக்கி மறுபடி ஏறணும். ஷூவை நானே மாட்டிக்கொள்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.