'மாமா ஆடுனா நான் ஆட முடியாதுல்ல!' - 4 கோடி தோனியும், வெளியே உட்கார்ந்திருக்கும் பையன்களும்

பொங்கல் முடிந்த மறுநாள். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் வழியில், கிராமத்து ரோட்டின் பாதியை மக்காச்சோளம் காயப்போட்டு மறித்திருந்தார்கள். வழக்கமா கண்மாய்க்குள்ளதான் மேட்ச் நடக்கும். இந்த முறை கண்மாயில் தண்ணி கிடந்ததால், சீமைக்கருவேலத்தை வெட்டிச் சுத்தம் பண்ணிய ஒரு பொட்டலுக்கு ஆட்டத்தை மாற்றிவிட்டார்கள். டென்னிஸ் பால், எட்டு ஓவர் மேட்ச், மைக் செட்டில் கமென்ட்ரி.

உள்ளூர் டீமின் கேப்டனுக்கு வயசு 44. விசைத்தறி ஓட்டுகிறார். மஞ்சள் ஜெர்சி, முதுகில் 7. ஒரு காலத்தில் இந்தப் பொட்டலிலிருந்து ரோட்டுக்கு சிக்ஸ் அடித்தவர் என்று ஊரே சொல்கிறது. அன்றைக்கு ஆறு பந்தில் மூன்று ரன் எடுத்தார். இரண்டாவது ரன்னுக்கு ஓடும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு பாதியில் நின்றார். எதிர்முனைப் பையன் ரன் அவுட்.

பவுண்டரி கோட்டுக்கு வெளியே, பேட் கட்டாமல் உட்கார்ந்திருந்த 17 வயசுப் பையனிடம் பேச்சுக் கொடுத்தேன். "நுழைவுக் கட்டணம், பாலு, லோடு ஆட்டோ வாடகை எல்லாமே மாமா காசுதாண்ணே. மாமா இல்லேன்னா டீமே இல்ல. ஆனா மாமா ஆடுனா நான் ஆட முடியாதுல்ல" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கு சொல்வது மாதிரி சொன்னான்.

அந்தக் கணக்குதான் இப்போது சேப்பாக்கத்திலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கேயும் 44 வயசு, அங்கேயும் 7-ம் நம்பர். இந்த ஆண்டு சீசனுக்காக சென்னை சூப்பர் கிங்ஸ் தக்கவைத்த பட்டியலில் மகேந்திர சிங் தோனியின் பெயர் இருக்கிறது. 'இன்னும் எத்தனை நாள்?' என்று கேட்டாலே சண்டைக்கு வருகிற கூட்டம் நம்முடையது. சண்டையைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, நம்பர்களைப் பார்ப்போமா?

சரிவு எங்கே ஆரம்பித்தது?

2018-ல் 455 ரன், 2019-ல் 416 ரன். அதுதான் தோனியின் கடைசி இரண்டு பெரிய ஐபிஎல் சீசன்கள். 2020-ல் 200 ரன், ஸ்ட்ரைக் ரேட் 116. அடுத்த வருஷம் 114 ரன், ஸ்ட்ரைக் ரேட் 106. அப்போதே 'கழுதை தேய்ஞ்சு கட்டெறும்பான கதை' என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆனால், தோனி அங்கே ஒரு வேலை செய்தார். தன் வேலையைச் சின்னதாக்கிக்கொண்டார். கடைசி ஓவர்களில் மட்டும் வருவது, வந்ததிலிருந்தே அடிப்பது. 2023-ல் சீசன் முழுக்க 57 பந்துகள்தான் ஆடினார். 104 ரன், ஸ்ட்ரைக் ரேட் 182. இடது முட்டி வலியோடே ஆடி, கோப்பையை வாங்கிய கையோடு ஆபரேஷனுக்குப் போனார். 2024-ல் 73 பந்துகளில் 161 ரன், ஸ்ட்ரைக் ரேட் 220. சரிந்துவிட்டார் என்று சொன்னவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

அடுத்து 2025. மேல்வரிசை மொத்தமாகக் கவிழ்ந்ததால், தோனி சீக்கிரம் இறங்க வேண்டிவந்தது. 145 பந்துகள் ஆடினார். முந்தைய வருஷத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ரன் 196. ஸ்ட்ரைக் ரேட் 135.

சரிவின் ரகசியம் இந்த மூன்று வருஷ நம்பரில்தான் இருக்கிறது. தோனிக்கு அடிக்கும் கை போகவில்லை. நீண்ட நேரம் ஆடும் உடம்பு போய்விட்டது. ஆறேழு பந்து என்றால் இன்றைக்கும் அவர் ஆபத்தானவர். பத்து ஓவர் என்றால் கஷ்டம். கோச் ஸ்டீபன் ஃப்ளெமிங்கே இதை ஒளிக்கவில்லை. கவுகாத்தியில் ராஜஸ்தானிடம் 6 ரன்னில் தோற்ற பிறகு, தோனியின் முட்டி பழைய மாதிரி இல்லை, பத்து ஓவர் முழு வேகத்தில் ஆட அவரால் முடியாது என்று வெளிப்படையாகவே சொன்னார்.

ஒரே சீசன், மூன்று மேட்ச்

அந்த சீசனின் மூன்று மேட்ச்களை எடுத்துக்கொண்டாலே படம் தெளிவாகிவிடும்.

மார்ச் 28, சேப்பாக்கம், பெங்களூரு அணியுடன். தோனி இறங்கியது ஒன்பதாவது ஆளாக, அஷ்வினுக்கும் பின்னால். 16 பந்தில் 30 ரன் எடுத்து கடைசிவரை நின்றார். ஆனால் அவர் வந்தபோதே மேட்ச் கையைவிட்டுப் போயிருந்தது. 50 ரன்னில் தோல்வி. 'முன்னாடியே வந்திருக்கலாமே' என்று எல்லோரும் கேட்டார்கள்.

ஏப்ரல் 5, அதே சேப்பாக்கம், டெல்லி அணியுடன். இந்த முறை 11-வது ஓவரிலேயே வந்தார். 26 பந்தில் 30 ரன், கடைசிவரை நாட் அவுட். 25 ரன்னில் தோல்வி. 'ஏன் இவ்வளவு முன்னாடி வந்தார்' என்று அதே ஆட்கள் கேட்டார்கள்.

ஏப்ரல் 14, லக்னோ. கடைசி ஓவர்களில் வந்து 11 பந்தில் 26 ரன். வெற்றி. 43 வயதில் ஆட்ட நாயகன் விருது. அதே மேட்ச்சில்தான், ஐபிஎல்லில் 200 பேரை அவுட்டாக்கிய முதல் விக்கெட் கீப்பரும் ஆனார்.

அதாவது, அவருக்கு ஏற்ற நேரத்தில், ஏற்ற பந்துகளுக்கு மட்டும் வந்தால் தோனி சரியாக இருக்கிறார். ஆனால் கிரிக்கெட் ஒவ்வொரு நாளும் அப்படி நேரம் பார்த்துக் கூப்பிடாது. பதினோரு பேரில் ஒருவருக்கு மட்டும் ஆட்டம் ஒத்துழைக்க வேண்டும் என்றால், மீதிப் பத்துப் பேரும் அவரைச் சுற்றித் தங்கள் இடத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த வருஷம் சென்னை 14 மேட்ச்சில் 4 ஜெயித்து, தன் வரலாற்றில் முதன்முறையாகப் பட்டியலின் கடைசி இடத்தில் முடித்தது. அதற்கு தோனி மட்டுமே காரணம் இல்லை. கேப்டன் ருதுராஜ் கெய்க்வாட் முழங்கை காயத்தால் பாதியில் போனதும், டாப் ஆர்டர் சொதப்பியதும் பெரிய காரணங்கள். ஆனால் அந்த ஓட்டைகளை அடைக்கும் ஆளாக தோனி இப்போது இல்லை என்பதும் உண்மை.

யானையின் விலை

சரி, ஃபார்மை விடுங்க. விலைக்கு வருவோம்.

2008-ன் முதல் ஏலத்தில் தோனிதான் அதிக விலை. 15 லட்சம் டாலர், அன்றைய கணக்கில் சுமார் 6 கோடி ரூபாய். 2018-ல் 15 கோடி. 2022-ல் ஜடேஜாவுக்கு 16 கோடி, தோனிக்கு 12 கோடி. 2025-க்கு 4 கோடி.

இந்த 4 கோடிக்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. ஐந்து வருஷமாக சர்வதேச மேட்ச் ஆடாத இந்திய வீரரை, நாட்டுக்காக ஆடாத புதுப் பையன் கணக்கிலேயே தக்கவைக்கலாம் என்ற பழைய விதியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். தோனியின் கடைசி சர்வதேச மேட்ச் 2019 ஜூலையில், மான்செஸ்டரில் நியூசிலாந்துடன் நடந்த உலகக்கோப்பை அரையிறுதி. அந்த ரன் அவுட்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆக, இரண்டு உலகக்கோப்பை வாங்கிக்கொடுத்த கேப்டன், காகிதத்தில் 'புதுமுகம்'.

அதே புதுமுகம் பட்டியலிலிருந்து, 2025 டிசம்பர் ஏலத்தில் சென்னை இரண்டு பையன்களை எடுத்தது. 19 வயசு கார்த்திக் சர்மா, 20 வயசு பிரசாந்த் வீர். ஆளுக்கு 14.20 கோடி. இருவரும் அதுவரை ஒரு ஐபிஎல் மேட்ச்கூட ஆடியதில்லை. ஏலம் என்பது நேற்றைய ரன்னுக்குத் தரும் பணம் இல்லை, நாளைய ரன்னுக்குத் தரும் அட்வான்ஸ். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து விலை பேசுகிற நம்ம ஊர்க்காரங்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஆனால் தோனி விஷயத்தில் இந்தச் சந்தைக் கணக்கு பாதிதான். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். சேப்பாக்கத்தில் மஞ்சள் கடல் எழுந்து நிற்பது, ஜெர்சி விற்பது, விளம்பரத்தில் முகம் வருவது எதுவுமே ஸ்ட்ரைக் ரேட்டில் வராது. 2025-ல் 120 கோடியாக இருந்த ஏலத் தொகையில் 4 கோடிக்கு இதெல்லாம் கிடைக்கிறது என்றால், எந்த முதலாளி வேண்டாம் என்பார்? வியாபாரமாகப் பார்த்தால், ஐபிஎல்லிலேயே மலிவான சரக்கு தோனிதான்.

பில் யார் கட்டுறது?

மலிவு என்றால் எங்கேயோ யாரோ மீதியைக் கட்டுகிறார்கள் என்று அர்த்தம்.

முதல் பில் ஜடேஜாவுக்குப் போனது. தான் அவுட்டாகி தோனி வர வேண்டும் என்று சொந்த ரசிகர்களே காத்திருப்பதை 2023-ல் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த வருஷ இறுதிப்போட்டியில் தோனி முதல் பந்திலேயே அவுட். கடைசி இரண்டு பந்தில் சிக்ஸும் ஃபோரும் அடித்துக் கோப்பையை எடுத்துக்கொடுத்தது ஜடேஜா. 2025 நவம்பரில் அவரையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கியது சென்னை. பேட்டிங், பெளலிங், ஃபீல்டிங் மூன்றும் செய்கிற 36 வயசுக்காரர் கிளம்பினார். 44 வயசுக்காரர் இருக்கிறார்.

இரண்டாவது பில் பையன்களுக்கு. 2025-ல் ருதுராஜுக்குக் காயம்பட்டதால்தான் 17 வயசு ஆயுஷ் மாத்ரேவுக்குக் கதவு திறந்தது. மும்பைக்கு எதிரான முதல் மேட்ச்சிலேயே 15 பந்தில் 32. அடுத்து பெங்களூருக்கு எதிராக 48 பந்தில் 94. காயம் படாமல் இருந்திருந்தால்? அந்த சீசனில் அணியிலேயே இருந்திருக்க மாட்டான். இப்போது சாம்சன், கார்த்திக் சர்மா என்று கீப்பிங் செய்யத் தெரிந்தவர்கள் அணியில் இருக்கிறார்கள். தோனிக்கு ஓர் இடம் என்பது, இவர்களைப்போல இன்னொருவரின் ஓர் இடம்.

வேற எப்படிப் போறாங்க?

ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி இதைச் சமாளித்திருக்கிறார்கள்.

கபடியில் நம்ம தஞ்சாவூர்ப் பக்கத்து தர்மராஜ் சேரலாதன் 41 வயசில் பாட்னா அணிக்குக் கேப்டனாக இருந்து புரோ கபடி கோப்பையை ஜெயித்தார். 44 வயசிலும் ஹரியானாவுக்குக் கேப்டன். ரெய்டு போகாமல், பிடிக்கிற வேலையில் நின்றவர். அந்த இடத்தில் ஓட்டத்தைவிட நேரம் பார்க்கிற கண்தான் முக்கியம்.

ஆஸ்திரேலிய ஃபுட்பாலில் நடுக்கள ஆட்டக்காரர் ஒரு மேட்ச்சுக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். காலிங்வுட் அணியின் ஸ்காட் பெண்டில்பரி 2024-ல் 400-வது மேட்ச் ஆடினார். எப்படி? 2023-லேயே கேப்டன் பதவியை இளையவருக்குக் கொடுத்துவிட்டார். தேவைப்பட்டபோது நடுக்களத்தை விட்டுப் பின்வரிசைக்கும் போனார்.

அஷ்வின் வேறு வழி. 2024 டிசம்பரில், ஆஸ்திரேலியத் தொடரின் நடுவிலேயே, 537 டெஸ்ட் விக்கெட்டோடு 'போதும்' என்றார். சென்னைக்கு 9.75 கோடிக்குத் திரும்பி வந்து 9 மேட்ச்சில் 7 விக்கெட் மட்டும் எடுத்த பிறகு, 2025 ஆகஸ்ட்டில் ஐபிஎல்லுக்கும் டாட்டா.

தோனியும் கேப்டன் பதவியைக் கொடுத்தார், பேட்டிங் இடத்தையும் இறக்கிக்கொண்டார். சேரலாதனும் பெண்டில்பரியும் செய்ததைத்தான் அவரும் செய்தார். ஒரே ஒரு வித்தியாசம். தோனி ஆடலாமா வேண்டாமா என்பதை தோனி மட்டும்தான் முடிவு பண்ணுகிறார். நிர்வாகத்தைக் கேட்டால் 'அது அவர் விருப்பம்' என்கிறது. அவரைக் கேட்டால், ஆட்டம் சரியில்லை என்பதற்காக ஓய்வு பெறுவதென்றால் சிலர் 22 வயசிலேயே போக வேண்டியிருக்கும் என்றார், 2025 சீசன் முடிந்த அன்று. வாதம் சரிதான். ஆனால், அந்த 22 வயசுக்காரர் சரியாக ஆடாவிட்டால், அவரைக் கேட்காமலேயே அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள். தோனியை எடுக்க அங்கே ஆள் இல்லை.

என் பார்வையில் பிரச்னை தோனி ஆடுவது இல்லை. மற்ற பத்துப் பேருக்கும் இருக்கிற தேர்வு, அவருக்கு மட்டும் இல்லை என்பதுதான். இந்த மேட்ச்சுக்குத் தோனி தேவையா என்று கோச்சும் கேப்டனும் கேட்டு, ஒருநாள் 'வேணாம்' என்றும் சொல்ல முடிந்தால், அவர் ஆடும் ஒவ்வொரு மேட்ச்சும் மரியாதைதான். அது முடியாதவரை, நாம் கைதட்டுவது ஆட்டத்துக்கா, பழைய ஞாபகத்துக்கா என்று அவருக்கே தெரியாமல் போய்விடும். அவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கு நாம் செய்யும் நியாயம் அது இல்லை.

பொட்டலில் அன்றைக்கு அந்த டீம் தோற்றது. சாயங்காலம், மரத்தடியில் நின்றிருந்த பைக் சீட்டில் பேப்பரை வைத்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேட்ச்சுக்கு லிஸ்ட் எழுதிக்கொண்டிருந்தார் அந்த மாமா. முதல் பேர் அவர் பேர்தான். ஏழு, எட்டு வரை வேகமாக எழுதியவர், அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் எழுதாமல் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். பையன் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் எதுவும் பேசவில்லை.

அப்புறம் பேனாவைப் பையனிடம் நீட்டி, "மீதிய நீயே எழுதுடா மாப்ள" என்றார். பையன் வாங்கி எழுதினான். முதலில் இருந்த பேரை அடிக்கவில்லை. பதினோராவது பேராகத் தன் பேரை எழுதினான்.