வெள்ளணு மிகுந்தால் இரத்தப் புற்றுதானா?



தொட்டியம் வட்டாரத்தில் வாழைத் தோட்டத்திலே உழைப்பவர் ஒருவருக்கு அசதி நீங்காதிருந்தாலும், காய்ச்சல் விட்டுவிட்டு வந்தாலும், மருத்துவர் முதலில் எழுதித் தருவது இரத்தப் பரிசோதனையே. பரிசோதனைத் தாள் கைக்கு வந்ததும், எந்த எண்ணின் அருகே குறி இடப்பட்டிருக்கிறதோ அதையே வீட்டார் அனைவரும் உற்று நோக்குகின்றனர். வெள்ளணுக்கள் மிகுதி என்று கண்டுவிட்டால் போதும். 'இரத்தப் புற்று' என்னும் சொல் மாலைக்குள் தெரு முழுதும் பரவிவிடுகிறது. முசிறிக்குப் போவதா, திருச்சிக்குப் போவதா என்று முடிவு செய்யுமுன்பே நிலத்தை அடகு வைக்கும் பேச்சு எழுகிறது. வேறு சிலரோ அச்ச மிகுதியால் மருத்துவரிடம் மறுமுறை செல்லாமலே நாட்களைக் கடத்திவிடுகின்றனர். இவ்விரு வழியும் குடும்பத்தைக் கெடுப்பவை. ஆதலின், நாட்பட்ட இரத்தப் புற்று எது, அதைப்போல் தோன்றும் பிற நோய்கள் எவை என்பதை இம்மாதம் சற்று விரிவாகக் காண்போம்.

நலமாயிருக்கும் ஒருவரின் இரத்தத்தில், ஒரு கன மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை வெள்ளணுக்கள் இருக்கும். இவை நம் உடலின் காவலர்கள். பகைவன் நுழைந்தால் காவலர் தொகை பெருகுவது இயல்பு. நிமோனியா, சீழ்க்கட்டி போன்ற தொற்றுகளில் எண்ணிக்கை உயரும். ஸ்டீராய்டு மாத்திரை உண்போர்க்கும், இடைவிடாது புகை பிடிப்போர்க்கும் உயர்வதுண்டு. கடுந்தொற்றில் 50,000க்கு மேலும் சென்று, புற்றுநோயைப் போலவே தோற்றமளிப்பதும் உண்டு. தொற்று தணிந்ததும் எண்ணிக்கையும் தணியும். புற்றில் அது தானாகத் தணிந்து இயல்புக்கு மீள்வதில்லை.

நம் நாட்டுக்கே உரிய ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. 1940ஆம் ஆண்டில், அக்காலச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மதனப்பள்ளி காசநோய் மருத்துவமனையின் மருத்துவர்கள், காசநோய் போலவே தோன்றி, இரவில் இருமலும் இளைப்பும் தந்து, ஈசினோபில் என்னும் ஒருவகை வெள்ளணுவை மிகுதியாகப் பெருக்கும் நோயொன்றை விவரித்து எழுதினர். யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுக்களுக்கு உடல் காட்டும் எதிர்ப்பே அது எனப் பின்னர் தெளிவாயிற்று. டைஎதில்கார்பமசைன் என்னும் எளிய மருந்தால் அது குணமாகிறது. இந்நோயுடையவரின் தாளை மட்டும் கண்டு, 'புற்று' என்று ஒருவர் தீர்ப்புக் கூறினால் அது எத்துணைக் கொடுமை!

இனி, மெய்யான நாட்பட்ட இரத்தப் புற்றைக் காண்போம். கடும் இரத்தப் புற்று சில வாரங்களிலேயே ஆளைச் சாய்க்கும். நாட்பட்டதோ ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி வளரும். எலும்பு மஜ்ஜையை ஒரு நாற்றங்காலுக்கு ஒப்பிடலாம். அங்கே முதிர்ந்த பின்னரே அணுக்கள் இரத்தத்திற்கு வரவேண்டும். நாட்பட்ட மயலாய்டு வகையில், நாற்றங்காலில் இருக்க வேண்டிய இளநாற்றுகளும் முதிர்ந்த பயிரும் ஒருசேர வயலில் நிற்பதுபோல், எல்லாப் பருவத்து அணுக்களும் இரத்தத்தில் காணப்படும். வெள்ளணு எண்ணிக்கை ஒரு இலட்சத்தைக் கடப்பதும் உண்டு. இடது விலாவின் கீழ் மண்ணீரல் பெருத்து, சிறிது உண்டாலும் வயிறு நிறைந்ததாகத் தோன்றும்.

ஆனால் கடுந்தொற்றிலும் இளம் அணுக்கள் சில வெளிவரும். மலேரியாவிலும் கல்லீரல் நோயிலும் மண்ணீரல் பெருக்கும். பின்னர் எதைக்கொண்டு வேறுபடுத்துவது? இதற்கு விடை 1960இல் கிடைத்தது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் நோவெல், ஹங்கர்போர்டு என்னும் இருவர், இந்நோயாளிகளின் அணுக்களில் வழக்கத்தினும் சிறிய குரோமோசோம் ஒன்றைக் கண்டனர். 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் தம் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் அது விளைகிறது என்பதை ஜேனட் ரவ்லி என்னும் அம்மையார் 1973இல் நிறுவினார். அம்மாற்றத்தால் பிறக்கும் பிசிஆர்-ஏபிஎல் என்னும் மரபணுவே இந்நோயின் கைரேகை. இதனை இரத்தத்திலேயே சோதித்துக் காணலாம். இருந்தால் இந்நோய் என்பது உறுதிப்படும். இல்லையேல் வேறு காரணம் தேடவேண்டும்.

இந்நோய்க்கு உறவினர் போன்ற சில நோய்களும் உண்டு. சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகும் ஒன்றில் முகம் சிவந்து, குளித்தபின் உடலெங்கும் அரிப்பெடுக்கும். தட்டணுக்கள் பெருகும் மற்றொன்றில் இரத்தம் உறைந்து அடைப்பு நேரலாம். எனினும் இரும்புச்சத்துக் குறைவாலும் தட்டணுக்கள் உயரும் என்பதை நம் தாய்மார்கள் அறிதல் நன்று. மூன்றாவதில் மஜ்ஜை நாரேறி இறுகி, மண்ணீரல் மிகப் பெருக்கும். இம்மூன்றிலும் பிசிஆர்-ஏபிஎல் இராது. பெரும்பாலும் 2005இல் கண்டறியப்பட்ட ஜேஏகே-2 என்னும் மரபணுப் பிழை காணப்படும். ஒன்றின் மருந்து மற்றொன்றுக்கு எப்போதும் உதவும் என்பதில்லை. ஆகவேதான் பெயரைச் சரியாக அறிவது இத்துணை முக்கியம்.

நாட்பட்ட லிம்போசைட்டு வகை முதியோர்க்கே பெரும்பாலும் வருவது. மேலை நாட்டினரைவிட நம்மவரிடம் குறைவு. இதில் கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டும். காசநோயிலும் கழுத்தில் நெறி கட்டுமாதலால், கண்ணால் பார்த்து முடிவு செய்தல் ஆகாது. ஒரே மூல அணுவின் வழிவந்த பி-லிம்போசைட்டுகள் 5,000க்குக் குறையாமல் மூன்று மாதமாவது நீடிக்கின்றனவா என்று, ஃப்ளோ சைட்டோமெட்ரி என்னும் சோதனையால் அறிவர். மற்றொரு செய்தி பலருக்கும் வியப்பளிக்கும்: தொல்லை தராத நிலையில் இந்நோய்க்கு உடனே மருந்து தருவதில்லை, காலந்தோறும் சோதித்துக் கவனிப்பதே முறை. 'மருத்துவர் கைவிட்டுவிட்டார்' என்று முதியவரை வீட்டார் கலங்கச் செய்யலாகாது.

அப்படியாயின் நாம் செய்யத்தக்கது யாது? ஓர் எண்ணைக் கண்டு அஞ்சவேண்டாம். அதனைப் புறக்கணிக்கவும் வேண்டாம். நுண்ணோக்கியில் இரத்தப் பூச்சைப் பார்த்து அறிக்கை தருமாறு மருத்துவரிடம் கேளுங்கள். அவர் குறித்த நாளில் மறுபரிசோதனை செய்யுங்கள். பழைய தாள்களையெல்லாம் தேதிவாரியாக ஒரே உறையில் வைத்து உடன் கொண்டு செல்லுங்கள். எண்ணிக்கை ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே மருத்துவர்க்கு வழிகாட்டும். காரணமின்றி மெலிதல், இரவில் உடல் நனைய வியர்த்தல், வயிற்றின் இடப்புறம் கனத்தல் ஆகியன இருப்பின் காலந்தாழ்த்தாது திருச்சி அரசு மருத்துவமனையையோ இரத்தநோய் வல்லுநரையோ அடையுங்கள். அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் அதனையும் எடுத்துச் செல்லுங்கள்.

மயலாய்டு வகைதான் என்று உறுதிப்பட்டாலும் நம்பிக்கை இழக்க இடமில்லை. 2001இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இமாட்டினிப் என்னும் மாத்திரை இந்நோயின் போக்கையே மாற்றியது. மாதத்திற்கு ஏறத்தாழ ரூ.1,20,000 விலையிருந்த அம்மருந்தை இந்திய நிறுவனங்கள் ஏறத்தாழ ரூ.8,000 முதல் ரூ.10,000க்குத் தந்தன. அதன் காப்புரிமை வழக்கு நம் சென்னையோடு தொடர்புடையது. சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் விண்ணப்பத்தைத் தள்ளியது. காப்புரிமைச் சட்டத்தின் பிரிவை எதிர்த்து அந்நிறுவனம் தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007இல் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றமும் 2013 ஏப்ரல் 1ஆம் நாள் காப்புரிமையை மறுத்துத் தீர்ப்பளித்தது. ஏழைக் குடும்பங்களின் கைக்கு மருந்து எட்டும் வழி அடைபடாது காக்கப்பட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். மாத்திரை உண்ணத் தொடங்கிச் சில மாதங்களில் வெள்ளணு எண்ணிக்கை இயல்புக்கு வந்துவிடும். உடனே, 'குணமாகிவிட்டது, இனிச் செலவு எதற்கு?' என்று தாமாகவே நிறுத்துவோர் உளர். உள்ளே எஞ்சியிருக்கும் நோய் மீண்டும் தலைதூக்கும். மருந்துக்குக் கட்டுப்படாத கடும் நிலைக்கு மாறவும் கூடும். ஒழுங்காக உண்டு, குறித்த காலத்தில் சோதித்து வருவோரில் மிகப் பலர், மற்றவரைப் போலவே உழைத்துப் பிழைத்து முதுமை எய்துகின்றனர். நோயாளி மாத்திரையை நாள்தோறும் உண்டாரா என்று அன்போடு கேட்பது வீட்டாரின் கடமை. தாளிலுள்ள எண்ணைத் தெருவுக்குச் சொல்லாதிருப்பது அண்டை வீட்டாரின் கடமை. இவ்விரண்டும் நிறைவேறினால், நோயாளி பாதி நலமடைந்தவரே ஆவார்.